சோப்ளாங்கி போல்ட்

பட்டறைக்குள் நுழைந்த மரக்கடைக்காரர் முதலில் உடைத்தது டீ கிளாசுகளை. ஜன்னலோரம் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த அப்பாவி கிளாசுகள். சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவருக்கு எதில் ஆரம்பிப்பது என்று தெரியவில்லை போலிருக்கிறது, கைக்கு எட்டியதில் ஆரம்பித்தார். பிறகு சூடு பிடித்துவிட்டது. டிரில்லிங் மெஷினின் தலை போயிற்று. பெயிண்ட் டப்பாக்கள் உருண்டன. சுவரில் வரிசையாக மாட்டியிருந்த ஸ்பேனர்கள் கலகலவென்று கொட்டின. கூட வந்த இரண்டு ஆட்களில் நெட்டையன் கிரைண்டரைத் தூக்கித் தெருவில் எறிந்தான். குண்டன் யாரும் உள்ளே வந்துவிடாமல் வாசலில் காவல் நின்றான். யாரும் வருவதாகவும் இல்லை. எதிர்க் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மீதிப் பாதியில் குனிந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

வெல்டரம்மா பட்டறையின் பின்பக்கம் வெல்டிங் முகமூடிக்குள் இருந்தாள். முதல் சத்தத்தை, வழக்கம்போல் புருஷன் எதையோ கீழே போட்டுவிட்டார் என்று நினைத்தாள். முகமூடியைத் தூக்கிப் பார்த்தபோது அந்தப் புருஷனே கீழே கிடந்தார். வாயெல்லாம் ரத்தம். மரக்கடைக்காரர் அவருடைய வலது மணிக்கட்டின் மேல் பூட்ஸ் காலை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

அது லேத் ஓட்டுகிற கை. தலைமுடிப் பருமனில் பாதியைக்கூட விரலால் தடவிச் சொல்லிவிடுகிற கை. அவர் கடைந்து கொடுப்பார், அவள் ஒட்டுவாள். கம்பெனிக்காரர்கள் பெரிய டிராக்டருக்குப் பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள். குட்டி டிராக்டர் வைத்திருப்பவன் என்ன செய்வான்? இவர்களிடம்தான் வருவான். பழைய வேனின் கியர்பாக்ஸ், லாரியின் உடைந்த அச்சு, காயலான் கடைத் தகடு எல்லாம் இங்கே வந்து பாத்தி கட்டும் கலப்பையாகவும், விறகு பிளக்கும் மிஷினாகவும், குழி தோண்டும் மிஷினாகவும் வேறு பிறவி எடுத்துப் போகும். அந்தக் கை போனால் பட்டறை போயிற்று. அதைவிட, அந்தக் கை இல்லாமல் அந்த மனுஷனை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

மரக்கடைக்காரர் வந்த காரணம் அவளுக்குத் தெரியும். கம்பம் நட்டு வேலி போடும் காண்டிராக்டுக்காக அவர் இங்கே ஒரு குழி மிஷின் செய்து வாங்கியிருந்தார். போன மாதம், டிராக்டரிலிருந்து வந்து அதைச் சுற்றவைக்கும் ஷாஃப்ட் அவருடைய தம்பியின் முழுக்கைச் சட்டையைப் பிடித்து இழுத்தது. சட்டையோடு கையும் போயிற்று. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போன இவர்கள் இருவரையும் மரக்கடைக்காரர் வராந்தாவிலேயே கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக விரட்டியிருந்தார்.

இன்றைக்கு அந்த மிஷினையே டிராக்டரின் பின்னால் மாட்டி முற்றத்தில் கொண்டுவந்து, எஞ்சினை அணைக்காமலே நிறுத்தியிருந்தார். அதற்குப் பின்னால் ஒரு வேன். வேனின் முன்சீட்டில் தம்பி உட்கார்ந்திருந்தான். காலியாகத் தொங்கிய வலது சட்டைக்கையை மடித்து ஊக்கு குத்தியிருந்தது. அவன் எதையும் உடைக்கவில்லை, யாரையும் திட்டவில்லை. கூட்டி வந்து உட்காரவைத்த இடத்தில் உட்கார்ந்திருந்தான்.

"என் தம்பிக்கு என்ன ஆச்சோ, அதே மிஷின்ல இவனுக்கும் ஆகணும்" என்றார் மரக்கடைக்காரர்.

லேத்துக்காரரை இழுத்துப் போய் மிஷினருகே மண்டியிட வைத்தார்கள். மண்ணைத் துளைக்கும் அந்தத் திருகுத் தகட்டில் அவருடைய கையை உள்ளங்கையிலிருந்து முழங்கைவரை கயிற்றால் சுற்றி இறுக்கினான் குண்டன். தகடு ஒரு சுற்று சுற்றினால் போதும். அவர் கத்தவில்லை. பயம் முற்றினால் அவருக்குப் பேச்சு வராது, கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான். மனைவியை மட்டும் பார்த்தார்.

அவள் ஓடினாள். நெட்டையன் குறுக்கே வந்து முடியைக் கொத்தாகப் பிடித்தான். வெல்டிங் கைப்பிடி இன்னும் அவள் கையில்தான் இருந்தது. இன்னும் சூடு ஆறாத ராடின் முனையை அப்படியே அவன் முன்னங்கையில் வைத்தாள். சுர்ரென்றது. அவன் போட்ட கூச்சலில் எதிர்க் கடையின் ஷட்டர் மீதிப் பாதியும் இறங்கியது. மரக்கடைக்காரர் திரும்பி அவள் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். உதடு கிழிந்தது, அவள் மிஷினின் மேலேயே போய் விழுந்தாள்.

விழுந்த இடத்தில்தான் அதைப் பார்த்தாள்.

புருஷனும் பெண்டாட்டியும் செய்யும் எந்த மிஷினுக்கும் ஷாஃப்ட் வந்து சேருமிடத்தில் ஒரு போல்ட் உண்டு. அவர்கள் அதற்கு வைத்த பெயர் சோப்ளாங்கி போல்ட். வேண்டுமென்றே மிருதுவான இரும்பில் செய்து, நடுவில் பள்ளம் போட்டிருப்பார்கள். தகடு பாறையிலோ வேரிலோ மாட்டிக்கொண்டால் இது உடைந்து உயிரை விடும், மற்றதெல்லாம் பிழைக்கும். நட்டுக்கு வெளியே துளிகூட நீட்டிக்கொண்டிராதபடி அவளே ஒவ்வொன்றாக அறுத்துத் தேய்ப்பாள். மிஷின் வாங்குகிறவர்களுக்கு ஒரு துணிப்பை நிறைய சும்மாவே கொடுப்பார்கள். தீர்ந்தால் மறுபடியும் வந்து வாங்கிக்கொள்ளலாம். வாங்கின அத்தனை பேரும் அதைத் திட்டுவார்கள். மரக்கடைக்காரர் எல்லாரையும்விட அதிகம் திட்டினார். கல்லு மண்ணில் குழிக்குக் குழி உடைகிறதாம், வேலை கெடுகிறதாம். அந்தத் திட்டையெல்லாம் இவர்கள் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார்கள். உடையத்தானே அதைச் செய்ததே.

இந்த மிஷினில் இருந்த போல்ட் நட்டைத் தாண்டி ஒரு விரல் நீளம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கிரீசும் மண்ணும் காய்ந்து போன ரத்தமும் அப்பிக் கிடந்தது. ஷாஃப்டைச் சுற்றி அவள் டிரம் தகட்டை வளைத்துப் போட்டிருந்த மூடியையும் காணோம். போல்ட் மாற்றும்போதெல்லாம் இடைஞ்சல் என்று கழற்றி எறிந்திருப்பார்கள். சட்டையைப் பிடித்தது எது என்று அவளுக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. இத்தனை நாள் இரவெல்லாம் தூங்காமல், எந்த வெல்டிங் விட்டது, எங்கே தப்புச் செய்தோம் என்று புருஷனும் பெண்டாட்டியும் புரண்டு புரண்டு படுத்ததை நினைத்தபோது பயம் போய் ஆத்திரம்தான் வந்தது.

"அண்ணே, இந்த போல்ட் யார் போட்டது?" என்று கேட்டாள்.

அது அவர்கள் கொடுத்த போல்ட்தான் என்றார் மரக்கடைக்காரர். பையில் கொடுத்ததைத்தான் போட்டோம், வேறு எதையும் தொடவில்லை, வேண்டுமானால் சத்தியம் செய்கிறேன் என்றார். வேனிலிருந்து தம்பி கேட்டுக்கொண்டிருந்தான். அவருடைய குரல் தம்பிக்குக் கேட்க வேண்டிய அளவைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

அவள் எழுந்தாள். பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த கடப்பாறையை எடுத்துத் திருகுத் தகட்டுக்கும் மிஷினின் ஸ்டாண்டு காலுக்கும் நடுவே குறுக்காகச் சொருகினாள். தகடு சுற்ற நினைத்தால் கடப்பாறை காலில் முட்டி நிறுத்தும். அந்தக் காலை வெல்டிங் வைத்தது அவள்தான். அது தாங்குமா தாங்காதா என்பதில்தான் புருஷனுடைய கை இருந்தது. வாயில் ஊறிய ரத்தத்தைத் துப்பிவிட்டுப் பேசினாள்.

"இப்ப லீவரைப் போடுங்க. எங்க போல்ட்டுன்னா பிஸ்கட்டு மாதிரி உடைஞ்சிடும், உங்களுக்கு ஒரு கீறல் விழாது. அப்புறம் இவர் கை ரெண்டையும் நானே பிடிச்சுக் குடுக்கறேன். வேற போல்ட்டுன்னா, தயவுசெஞ்சு தள்ளி நில்லுங்க."

மரக்கடைக்காரர் குண்டனைப் பார்த்துக் கடப்பாறையை உருவச் சொன்னார். குண்டன் குனிந்தான்.

"இருக்கட்டும்" என்றான் தம்பி. வேனுக்குள்ளிருந்து அவன் பேசிய முதல் பேச்சு அது. "அது பாட்டுக்கு இருக்கட்டும். நீ போடுண்ணே."

ஷாஃப்டைச் சுற்றவிடும் லீவர் டிராக்டர் சீட்டுக்கு அடியில் இருந்தது. பின்னால் நின்றபடியே எட்டிப் போடலாம், மரக்கடைக்காரர் அப்படித்தான் வழக்கமாகப் போடுவார். ஷாஃப்டை ஒட்டி அவருடைய வலது முட்டி இருந்தது. மனுஷனுக்கு இரும்போடு பழக்கம் உண்டு. என்ன ஆகும் என்று தெரியாதவர் இல்லை. ஒரே ஒரு எட்டு தள்ளி நின்றிருக்கலாம். ஆனால் தள்ளி நின்றால் ஒப்புக்கொண்டதாகிவிடும், தம்பி கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் நின்ற இடத்திலேயே நின்று லீவரைத் தள்ளினார்.

தகடு அரை விரல் அளவு திரும்பியது. கடப்பாறை ஸ்டாண்டு காலில் போய் மோதியது. லேத்துக்காரர் அப்போதுதான் கத்தினார். கடப்பாறை வளைந்தது, ஸ்டாண்டு முனகியது, டிராக்டர் பின்சக்கரம் துள்ளியது. கால் தாங்கியது. போல்ட்டும் தாங்கியது. தாங்காமல் போனது ஷாஃப்டின் ஜாயின்ட். பட்டென்று பிய்ந்து, டிராக்டர் பக்கம் இருந்த துண்டு கட்டவிழ்ந்து வெறிபிடித்தாற்போல் சுழன்றது. மூடி இருந்திருந்தால் அதற்குள்ளேயே அடித்துக்கொண்டு கிடந்திருக்கும். மூடிதான் இல்லையே. முதல் வீச்சிலேயே மரக்கடைக்காரரின் முட்டியைப் பெயர்த்தது. அவர் விழுந்தார். விழுந்தவருடைய தொடையை இரண்டாவது வீச்சு கிழித்தது.

அவள் பாய்ந்து போய் எஞ்சினை நிறுத்தினாள். ஓடி வந்து கயிற்றை அறுக்க நேரமில்லாமல் பல்லாலும் நகத்தாலும் பிரித்தாள். கட்டைவிரல் எலும்பு விலகி வீங்கிக்கொண்டிருந்தது, தோல் உரிந்திருந்தது. அவ்வளவுதான். மற்ற விரல்களை ஒவ்வொன்றாக மடக்கச் சொன்னாள். அவர் மடக்கினார். அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள், அதுவும் கொஞ்ச நேரம்தான்.

தம்பி வேனைவிட்டு இறங்கி வந்தான். கதறிக்கொண்டிருந்த அண்ணனைத் தாண்டி நேராக மிஷினிடம் போனான். அங்கே எல்லாம் உடைந்து கிடந்தது, உடைவதற்கென்றே இருக்கும் ஒரு சாமானைத் தவிர. கீழே கிடந்த துணியை எடுத்து அந்த போல்ட்டை அழுத்தித் துடைத்தான். கிரீசுக்கடியில் பச்சை பெயிண்ட் தெரிந்தது.

மரக்கடையில் இரும்பென்று எது இருந்தாலும் பச்சைதான். ரம்பம், தள்ளுவண்டி, கேட்டின் சங்கிலிவரை எதையும் யாரும் திருடிவிடக் கூடாது என்று அண்ணனே நின்று பெயிண்ட் அடிக்க வைப்பார். ஊரே கேலி பேசும்.

"நம்ம தள்ளுவண்டி போல்ட்டு" என்றான் தம்பி. "யாருண்ணே மாட்டினது?"

மரக்கடைக்காரர் தொடையைப் பிடித்துக்கொண்டு, அடிக்கடி உடைந்ததென்றும் வேலை நின்றதென்றும் முனகினார். அன்று சாயங்காலத்துக்குள் முடித்துவிடலாம் என்றுதான் மாட்டினாராம்.

நெட்டையனும் குண்டனும் எப்போது நழுவினார்கள் என்று யாரும் பார்க்கவில்லை. தம்பி சம்மட்டியைப் பொறுக்கினான். அண்ணனுடைய வலது கையைப் பிடித்து இழுத்து, மிஷினின் ஸ்டாண்டு காலில் வைத்தான். கையைப் பிடித்தால் சம்மட்டியைத் தூக்க முடியவில்லை. சம்மட்டியைத் தூக்கினால் அவர் கையை உருவிக்கொண்டார். முதல் அடி தரையில் விழுந்தது. இரண்டாவது அவர் தோளை உரசிப் போயிற்று. சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கயிற்றை எடுத்தான். அண்ணனுடைய மணிக்கட்டைச் சுற்றினான். ஒரு முனையைப் பல்லில் கடித்து மறுமுனையை இழுத்தான். நழுவியது. மறுபடியும் சுற்றினான், மறுபடியும் நழுவியது. ஒரு கையால் முடிச்சுப் போட முடியாது என்பது அவனுக்கு அந்த இடத்தில்தான் தெரிந்தது போலிருக்கிறது. கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவன் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை.

"அக்கா, ஒரு முடிச்சு போட்டுக் குடுங்க" என்றான்.

லேத்துக்காரர் சுவரோரம் உட்கார்ந்தபடி வேண்டாம் என்று தலையாட்டினார். அவள் உடைந்த கிளாசுகளைப் பார்த்தாள், தலை போன டிரில்லிங் மெஷினைப் பார்த்தாள். பிறகு போய்த் தம்பியின் கையிலிருந்து கயிற்றை வாங்கினாள். மரக்கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் அவருடைய தொடையில், ரத்தம் கொட்டும் இடத்துக்கு மேலே கயிற்றைச் சுற்றினாள். ஒரு ஸ்பேனரை இடையில் சொருகி முறுக்கினாள். அவர் அலறினார். ரத்தம் நின்றுவிட்டது. இன்னும் ஒரு முறுக்கு முறுக்கினாள், அது தேவைப்படவில்லை.

"அங்க இல்லக்கா" என்றான் தம்பி. "கையில."

"காலை உடைச்சது நான், அதை நான் கட்டிட்டேன்" என்றாள் அவள். "கையைப் பத்தி அண்ணன் தம்பி நீங்க பேசிக்கங்க."

முடிச்சை இறுக்கிவிட்டு, வேன் சாவி எங்கே என்று அவனிடம் கேட்டாள்.