நிமிடத்துக்கு இருபது சொட்டு

குழாய்க்காரர் தன் இருபத்திரண்டு வருடத் தொழிலில் எத்தனையோ விசித்திரமான கோரிக்கைகளைக் கேட்டவர்தான். கழிவறைத் தொட்டிக்குள் விழுந்த பல்செட்டை எடுத்துத் தரச் சொன்னவர் உண்டு. மேல்வீட்டுக்காரன் குளிக்கும் சத்தம் தன் சுவருக்குள் கேட்கக் கூடாது என்று அடம் பிடித்தவர் உண்டு. ஆனால் ஒழுகாத குழாயை ஒழுக வைக்கச் சொல்லி இதுவரை யாரும் அவரிடம் வந்ததில்லை. இப்போது வந்திருப்பவள் சொந்த மகள். வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஆரம்பப் பள்ளியின் பின்பக்கச் சுவரோரம், கை கழுவும் குழாய்க்கு முன்னால் அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் அவள் ஒரு சின்ன வாளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். வாளிக்குள் ஏழு தலைப்பிரட்டைகள் இருந்தன. காலையில் ஒன்பது இருந்தன.

"நிமிஷத்துக்கு இருபது சொட்டு போதும்பா. கணக்குப் போட்டுட்டோம்."

"அதென்ன கண்ணுக்கு விடுற மருந்தா, சொட்டுக் கணக்குல விட?"

அவள் சிரிக்கவில்லை. சாதாரணமாக அவர் பாதி சொல்லும்போதே சிரித்துவிடுகிற பெண். வீட்டில் நான்கு நாளாக அந்தச் சிரிப்பு இல்லை. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள், கேட்டதற்கெல்லாம் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னாள். ஒரு வீட்டின் குளியலறையைப் பிரித்துப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அவர் இங்கே ஓடி வந்ததற்குக் காரணம் அதுதான். தலைப்பிரட்டைகளுக்காக வந்தார் என்று யாராவது சொன்னால் அவரே நம்பமாட்டார்.

விஷயம் இவ்வளவுதான். பள்ளியில் பிள்ளைகளே சேர்ந்து ஒரு பசுமைக் குழு ஆரம்பித்திருந்தார்கள். இவள்தான் தலைவி. சட்டைக் கையில் பச்சைத் துணிப்பட்டை கட்டிக்கொண்டு இடைவேளைதோறும் சுற்றி வருவார்கள். ஆளில்லாத வகுப்பில் ஓடும் விசிறியை நிறுத்துவார்கள், திறந்து கிடக்கும் குழாயை மூடுவார்கள், வீணாக்கியவர்களின் பெயரை வராந்தாப் பலகையில் எழுதுவார்கள். வீட்டையும் விட்டுவைக்கவில்லை. பல் தேய்க்கும்போது குழாயைத் திறந்து விட்டதற்காக அம்மாவின் பெயர் சமையலறைக் கதவில் சாக்பீஸால் எழுதப்பட்டு இரண்டு நாள் இருந்தது. "நான் பெத்தது பொண்ணா, போலீஸா?" என்று அவள் அம்மா கேட்டாளே தவிர, அழிக்கவில்லை.

இந்தப் பின்பக்கக் குழாய் எந்தக் காலத்திலிருந்து ஒழுகுகிறது என்று யாருக்கும் தெரியாது. குழு அதன் அடியில் ஒரு லிட்டர் பாட்டிலை வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தது. ஒன்றேகால் மணி நேரத்தில் பாட்டில் நிறைந்தது. அப்படியானால் ஒரு நாளைக்கு ஒரு பெரிய வாளி. தெருவில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருகிறது. ஒரு வாளி முன்னே பின்னே ஆனதற்காக எந்த வீடு எந்த வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறது என்பது பிள்ளைகளுக்கே மனப்பாடம். முப்பத்தோரு கையெழுத்தோடு பெரிய டீச்சரிடம் மனு போனது. போன வாரம் வியாழக்கிழமை குழாய்க்காரர் வந்தார், ஐந்து நிமிடத்தில் வாஷரை மாற்றினார், முடித்துவிட்டு எழுந்தபோது பிள்ளைகள் எல்லோரும் கை தட்டினார்கள். ஒழுகும் இடத்தில் திட்டு வாங்கித்தான் அவருக்குப் பழக்கம். கைதட்டல் வாங்கிப் பழக்கமில்லை. ஸ்பேனரை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலிருந்து கைக்கு மாற்றிக்கொண்டே நின்றார், கண் கலங்கிவிட்டது. தேய்ந்து போன பழைய வாஷரை மகள் கேட்டு வாங்கிக்கொண்டாள். மறுநாளே அது ஒரு பெரிய அட்டையின் நடுவில், சுற்றிலும் ஜிகினாத் தூள் மின்ன, பெரிய டீச்சர் அறையில் தொங்கியது. கீழே 'எங்கள் முதல் வெற்றி' என்று எழுதியிருந்தது.

குழாயடியில் சிமெண்ட் பெயர்ந்து சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு பள்ளம் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அதாவது, பெரிய வகுப்புக்காரர்கள் யாரும் கவனிக்கவில்லை. இரண்டாம் வகுப்பு மொத்தமும் தினம் காலையில் அங்கேதான் கூடியது. பள்ளத்துக்குள் தலைப்பிரட்டைகள் இருந்தன, சிலதுக்குப் பின்கால் முளைக்கத் தொடங்கியிருந்தது. சொன்னால் பலகையில் பெயர் எழுதிவிடுவார்கள் என்ற பயத்தில் அவர்கள் வாய் திறக்கவில்லை. ஒழுகல் நின்ற மறுநாள் அவர்களில் ஆறு பேர் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து பள்ளத்தில் ஊற்றினார்கள். பசுமைக் குழு கையும் களவுமாகப் பிடித்தது. 'தண்ணீரை வீணாக்கியவர்கள்' என்ற தலைப்பின் கீழே ஆறு பெயர்கள் ஏறின. எழுதியது தலைவியின் கை. முதல் பெயர், முன்பல் நான்கும் விழுந்து போனதால் எல்லோரும் பொக்கை என்று கூப்பிடுகிற சின்னப் பெண்ணுடையது. சனி, ஞாயிறு பள்ளி இல்லை. திங்கட்கிழமை காலையில் பொக்கை நேராக ஐந்தாம் வகுப்புக்கு வந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். காய்ந்து சுருண்ட கறுப்பு விதை மாதிரி ஏதோ மூன்று இருந்தன.

"நீதானே அதை மூடச் சொன்ன," என்று மட்டும் சொன்னாள்.

அன்றைக்கு ஈரச் சேற்றில் மிச்சம் இருந்த பதினாலைத் தலைவி வாளியில் அள்ளி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வாளியிலும் அவை தங்கவில்லை, தினமும் ஒன்றிரண்டு மிதந்தன. ஏதாவது குளத்தில் விட்டுவிடலாம் என்றார் குழாய்க்காரர். "அது பொக்கையோடதுப்பா. எங்க விட்டோம்னு அவகிட்ட நான் எப்படிச் சொல்வேன்?" என்றாள். தினம் ஒரு குவளை ஊற்றலாமே என்றார். நாளை முதல் பத்து நாள் விடுமுறை, வாசல் கதவு பூட்டிவிடுவார்கள் என்றாள். சரி, குழாயை லேசாகத் திறந்து வைத்தால் போகிறது என்றார். அவள் அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"முன்னூறு பேருக்கு மூடச் சொல்லிக் குடுத்திருக்கோம்பா. இப்ப வாட்ச்மேன் மாமாகூட பாத்தா மூடிடுறாரு."

ஆகவே, இறுக்கி மூடினாலும் ஒழுகுகிற குழாய் வேண்டும். குழாய்க்காரர் பையைத் துழாவிப் புது வாஷர் ஒன்றை எடுத்து, பிளேடை அதன் மேல் வைத்தார். ஒரு சின்னக் கீறல் போதும். கை வரவில்லை. சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் பந்தியிலிருந்து எழுந்து போய்ச் சொட்டுகிற குழாயைச் சரி செய்துவிட்டு வந்து மறுபடி சாப்பிட உட்கார்ந்த மனிதர் அவர். நல்ல வாஷரை வெட்டுவதற்குத் தன் விரலை வெட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. "அவ அழறா, நீங்க வாஷரைப் பத்தி யோசிக்கிறீங்க," என்று காலையில் மனைவி சொன்னது காதில் ஒலித்தது. அவள் சொல்வது சரி. ஒரு வாளித் தண்ணீருக்கு ஏங்குகிற தெருவில் வேண்டுமென்றே ஒழுக விடக் கூடாது என்பதும் சரி. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"பழையது இருந்தா பரவாயில்ல. அதைத் திருப்பிப் போட்டா கொஞ்சமா ஒழுகும்."

"இருக்கு," என்றாள் மகள், மிக மெதுவாக.

பெரிய டீச்சரின் மேசையில் இரண்டு மனுக்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார்.

"போன வாரம் ஒழுகுதுன்னு மனு. இந்த வாரம் ஒழுகலைன்னு மனு. ரெண்டுலயும் அதே முப்பத்தொரு கையெழுத்து. என்னை என்னதான் பண்ணச் சொல்றீங்க? லீவு முடிஞ்ச உடனே பள்ளிக்கூடத்தைப் பாத்து சான்றிதழ் குடுக்க ஆள் வராங்க. வாசல்ல 'சொட்டும் வீணாகாத பள்ளி'ன்னு பெயிண்ட் அடிச்சாச்சு." குழாய்க்காரர் பக்கம் திரும்பினார். "நீங்க அனுபவஸ்தர். நீங்க சொல்லுங்க."

"எனக்கு ஒழுகக் கூடாதுன்னு மட்டும்தான் டீச்சர் தெரியும்."

"அப்ப நீ சொல்லும்மா. தலைவி நீதானே?"

"தெரியல டீச்சர்," என்றாள் அவள். அவள் பிறந்ததிலிருந்து இந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து குழாய்க்காரர் கேட்டதில்லை. எது கேட்டாலும் தெரியும் என்றுதான் ஆரம்பிப்பாள். "தண்ணிய வீணாக்கறது தப்பு. அதுங்க சாகறதும் தப்பு. நாங்க எல்லாம் சரியாத்தான் கணக்குப் போட்டோம். அப்புறம் எப்படித் தப்பாச்சுன்னு எனக்குத் தெரியல. அவ பேரை நான்தான் எழுதினேன்."

குழாய்க்காரருக்கு நெஞ்சை அடைத்தது. அடைப்பெடுக்க ஆயிரம் வழி தெரிந்த மனிதர், இந்த அடைப்புக்கு என்ன செய்வதென்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பெரிய டீச்சர் எழுந்து ஆணியிலிருந்து அந்த அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நான் போய் மணி அடிச்சுட்டு வந்துடறேன்," என்று வெளியே போனார். பள்ளி விட்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

மகள் நகத்தால் வாஷரைப் பிரித்தாள். பசை கெட்டியாகப் பிடித்திருந்ததால் அட்டையின் தோலும் சேர்ந்து உரிந்து வந்தது. 'எங்கள் முதல் வெற்றி'க்கு மேலே காசு அகலத்துக்கு ஒரு வெள்ளைப் புண் மாதிரி தெரிந்தது. சுற்றியிருந்த ஜிகினா மட்டும் அப்படியே மின்னியது.

அவர்கள் திரும்பி வந்தபோது குழாயடியில் பொக்கை நின்றிருந்தாள். வீடு பள்ளிக்கு அடுத்த சந்தில்தான். யார் சொல்லி வந்தாள் என்று தெரியவில்லை. தலைவியைப் பார்க்காமல் வாளியை மட்டும் எட்டிப் பார்த்தாள், உதட்டை அசைத்து எண்ணினாள். குழாய்க்காரர் மேல் வால்வை மூடி, குழாயைப் பிரித்து, தான் போட்ட புது வாஷரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தேய்ந்ததைத் திருப்பி வைத்தார். அதில் ஒட்டியிருந்த ஜிகினாவை எவ்வளவு துடைத்தும் முழுசாகப் போகவில்லை. மூடி இறுக்கினார், வால்வைத் திறந்தார். முதலில் ஒன்றும் வரவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு குழாய் ஒழுகவில்லையே என்று அவர் பதறினார். அப்புறம் ஒரு சொட்டு வந்தது.

மகள் வாளியை மெல்லச் சாய்த்தாள். தண்ணீர் பள்ளத்தில் நிறைந்தது. தலைப்பிரட்டைகளில் ஐந்து உடனே ஓரத்துக்கு ஓடின. இரண்டு விழுந்த இடத்திலேயே கிடந்தன. அவை களைத்துக் கிடக்கின்றனவா வேறு மாதிரியா என்று மூன்று பேரும் குனிந்து பார்த்தும் சொல்ல முடியவில்லை.

கடிகாரத்தை வைத்து எண்ணினார்கள். குழாய்க்காரருக்கு இருபத்திரண்டு வந்தது. மகளுக்குப் பத்தொன்பது. பொக்கைக்கு முப்பத்தியொன்று. அவள் இருபதுக்கு மேல் எப்போதுமே கொஞ்சம் வேகமாகப் போகிறவள். மறுபடி எண்ணியபோது மூன்றும் வேறாக வந்தன.

"போதுமா?" என்று மகள் கேட்டாள். திங்கட்கிழமைக்குப் பிறகு பொக்கையிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது.

பொக்கை பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தெதியல," என்றாள், பல்லில்லாத வாயால். ஆனால் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள். மகள் அங்கே போய் உட்கார்ந்தாள்.

குழாய்க்காரர் சாமான்களைப் பைக்குள் போட்டுக்கொண்டே அந்தச் சத்தத்தைக் கேட்காமலிருக்கப் பார்த்தார். முடியவில்லை. தாம் செய்தது பழுது பார்த்ததா, பழுதாக்கியதா என்று யோசித்தார். யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வதென்றும் யோசித்தார். நிமிர்ந்து பார்த்தபோது மகளின் வலது கை மேலே போயிருந்தது. சட்டைக் கையில் பச்சைப் பட்டை கட்டிய கை, சொட்டுகிற குழாயைக் கண்டதும் பழக்கதோஷத்தில் தானாகவே கிளம்பி, அதன் திருகைப் பிடித்துவிட்டிருந்தது. அவள் கண் பள்ளத்தின் மேல் இருந்தது. விரல்கள் இறுக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. அந்தக் கைக்குக் கீழே, குழாயின் விளிம்பில், அடுத்த சொட்டு மெதுவாகப் பெரிதாகிக்கொண்டிருந்தது.