ஞாயிற்றுக்கிழமை காய்ந்த துணி

அனுமதி கொடுத்துவிட்டாராம், அனுமதி. கிறிஸ்தவக் கோயில் கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்ததும் பெத்தியா லாமன்டுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலைவரை எரிந்தது. கின்லாரி ஊர்ப் பெண்கள் ஆற்றங்கரைப் புல்வெளியில் திங்கள் முதல் சனிவரை துணி காயப்போட்டுக்கொள்ளலாம், இது புதிதாக மாளிகையை வாங்கியிருக்கும் கர்னல் துரையின் பெருந்தன்மை என்று எழுதி, கீழே அவருடைய காரியஸ்தர் ஹேடோ கையெழுத்துப் போட்டிருந்தார்.

கின்லாரியில் வீடுகளின் முதுகு பாறையில் இடிக்கும், முகம் தெருவில் இடிக்கும். துணி காய வேறு இடம் கிடையாது. டே என்னும் ஆறு வளைகிற இடத்தில் இருக்கும் அந்தப் புல்வெளியில், துணிக்கொடி கட்ட வீட்டுக்கு ஒரு இரும்புக் கம்பம். மாமியார் போனால் கம்பம் மருமகளுக்கு. சால்மன் மீன் பிடிக்க வரும் விருந்தாளிகளின் கண்ணில் ஊர்ப் பாவாடைகள் படுகின்றன என்று துரைக்கு எரிச்சல் என்பது எல்லாருக்கும் தெரியும். அப்படிப்பட்டவர் திடீரென்று ஏன் தாராளமாகிவிட்டார் என்று ஒருத்தியாவது யோசித்தாளா? நன்றி சொல்லத்தான் ஓடினார்கள்.

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்காதே" என்றாள் பெத்தியாவின் நாத்தனார் கிரிசெல். சபை மூப்பரின் மனைவி. சிரித்தால் வரி கட்ட வேண்டியிருக்குமோ என்று பயப்படுகிற ரகம்.

"மாடே நம்மளது, அண்ணி. அவன் எங்க தானம் கொடுத்தான்? அவன் சொல்லித்தான் காயப்போடுறோம்னு இன்னைக்கு ஒத்துக்கிட்டா, நாளைக்கு வேண்டாம்னு சொல்லவும் அவனுக்கு உரிமை வந்துரும். மேலாத்துல ஆர்டோக்கு ஊர்க்காரங்க படகுத்துறைக்கு இப்படித்தானே நன்றி சொன்னாங்க? இப்ப துறையில வேலி நிக்குது. தும்பை விட்டு வாலைப் பிடிச்சு என்ன பிரயோஜனம்?"

"ஊருக்கெல்லாம் சரின்னு பட்டது உனக்கு மட்டும் தப்பாப் படுதாக்கும்."

ஆமாம், பட்டது. அந்த வாரம் புல்வெளி முழுக்க அனுமதி வாங்கிய துணிகள் ஆடின. பெத்தியாவின் கம்பம் மட்டும் மொட்டையாக நின்றது. அடுப்பைச் சுற்றி நாற்காலி நாற்காலியாக ஈரத்துணி. வலைக்காரனான அவள் கணவன் டூகல்ட் நனைந்த காலுறையை மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தான்.

"ஆத்துலயும் ஈரம், வீட்டுலயும் ஈரம். நான் மனுஷனா மீனா?"

"துரை கொடுத்த நாள்ல நான் போட மாட்டேன்."

"ஆறு நாளையும் கொடுத்துட்டானே. அப்புறம் எந்த நாள் இருக்கு?"

கேட்டபிறகுதான் அவனுக்கே உறைத்தது. கஞ்சிக் கரண்டியைக் கீழே வைத்தான். கின்லாரியில் ஓய்வுநாளான ஞாயிறன்று யாரும் விசில்கூட அடிப்பதில்லை. உருளைக்கிழங்கைச் சனிக்கிழமையே தோல் சீவி வைத்துவிடுவார்கள். கொடியில் மறந்துபோன ஒற்றைக் காலுறைக்காக மூப்பர்கள் ஒருத்தியைக் கூப்பிட்டு விசாரித்த ஊர் அது.

"சபையை விட்டே தள்ளிருவாங்க, பெத்தி. நரகம்பாங்க."

"அங்கயாவது துணி சீக்கிரம் காயும்."

வாய் அப்படிச் சொல்லிவிட்டதே தவிர, மனசு கோயிலைத்தான் நினைத்தது. அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததும், அவள் குழந்தையைப் புதைத்ததும் அந்தக் கோயிலில்தான். அந்த வாசலை அடைத்துவிட்டால் எங்கே போவாள்?

ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தது. கறுப்பு உடுத்திய ஊர் ஆற்றோரப் பாதையில் கோயிலுக்கு நடந்து வந்தது. பெத்தியா கூடையோடு புல்வெளியில் இறங்கி, முதலில் டூகல்டின் நீளக்கால் உள்ளாடையைத்தான் மாட்டினாள். காற்று புகுந்து அதன் இரண்டு காலும் உதைத்தன. கூட்டம் அப்படியே நின்றுவிட்டது.

போதகர் முன்னால் வந்தார். "பெத்தியா, இன்னைக்கு என்ன நாள்னு தெரியுமா?"

"தெரியும் ஐயா. அவசியமான வேலையை ஓய்வுநாள்லயும் செய்யலாம்னு நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க. துரையைக் கேக்காம என் கம்பத்துல நான் துணி போட இந்த ஒரு நாள்தான் மிச்சம். இதையும் விட்டா எனக்குக் கம்பமே இல்லை."

போதகர் கிரிசெலின் கணவரான மூப்பரைத் திரும்பிப் பார்த்தார்.

"எங்க குடும்ப மானத்தைக் கொடியில மாட்டிட்டியே" என்றாள் கிரிசெல். பெத்தியா குனிந்து கூடைக்குள் கைவிட்டாள். அடுத்து ஒரு சட்டையை எடுத்தாள்.

மாளிகைப் பக்கமிருந்து ஹேடோ மூச்சிரைக்க ஓடிவந்தார். துரை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்க வேண்டும். ஹேடோ தொப்பியைக் கழற்றி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "துரைக்கு வருத்தம் ஒண்ணுமில்லை. இந்தம்மா தாராளமாப் போடலாம். ஞாயிற்றுக்கிழமைக்கும் துரை அனுமதி கொடுத்துட்டார்."

கெட்டிக்காரத்தனம்தான். ஏழாவது நாளையும் அனுமதிக்குள் பூட்டிவிட்டால் அவளுக்குப் போக்கிடம் ஏது? ஆனால் எந்த ஊரில் நின்று என்ன பேசுகிறோம் என்று துரைக்கும் ஹேடோவுக்கும் தெரியவில்லை. கறுப்பு உடுத்திய அத்தனை பேரும் ஹேடோவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"யாரு கொடுத்தது?" என்றாள் கிரிசெல்.

"துரை."

"ஞாயிற்றுக்கிழமையையா?"

ஹேடோ தொப்பியைக் கையில் உருட்டினார்.

"கர்த்தருடைய நாளை எடுத்துக் கொடுக்க உங்க துரை யாரு? அது என்ன அவர் அப்பன் வீட்டுச் சொத்தா? தன்கிட்ட இல்லாததை இவ்வளவு தாராளமாக் கொடுக்கிறவர், திங்கக்கிழமையை மட்டும் எங்க இருந்து எடுத்துக் கொடுத்தார்? இந்தப் புல்வெளியை எங்க இருந்து எடுத்தார்?"

ஹேடோ தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு மாளிகைப் பக்கம் ஓரடி பின்வாங்கினார். போதகர் ஒரு ஆளைக் கூப்பிட்டு, ஆராதனை கொஞ்சம் பொறுக்கட்டும், மணி அடிப்பதை நிறுத்து என்று சொல்லி அனுப்பினார்.

கிரிசெல் பைபிளைக் கணவன் கையில் திணித்துவிட்டு ஈரப் புல்லில் இறங்கினாள். கறுப்புக் கையுறையைக் கழற்றாமலே கூடையிலிருந்து ஒரு தலையணை உறையை எடுத்து உதறினாள். பெத்தியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதைக் கிரிசெல் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"நகரு. கிளிப்பைக் கொடு" என்றாள். "துரையோட ஜன்னல் எது? என் தம்பி உள்ளாடையை அந்தப் பக்கம் பாத்து மாட்டு."