பன்னிரண்டு வெண்டிலேட்டர்கள்

மன்னார்புரத்தில் நான் கட்டிய எந்த வீட்டுக்குள்ளும் சித்திரை மாதம் நட்டநடுப் பகலில் போய் நின்று பாருங்கள், பனியன் நனையாது. காரணம் வெண்டிலேட்டர். கூரைக்கு ஒரு சாண் கீழே, எதிரெதிராக இரண்டு காற்றுத் துவாரம். சூடு மேலே ஏறி அது வழியாக ஓடிவிடும். திருச்சி வெயிலோடு முப்பது வருஷம் மல்லுக்கட்டிய பாக்கியநாதன் மேஸ்திரி நான். வெண்டிலேட்டர் இல்லாத அறையை அறை என்றே ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்தப் பிடிவாதம்தான் என்னை ஒரு மலை மேல் கொண்டுபோய்த் தலைகுனிய வைத்தது.

1978 தை மாதம் எங்கள் பங்குச் சாமியார் அற்புதசாமி கூப்பிட்டனுப்பினார். கொடைக்கானலுக்கு மேலே, ஏழாயிரம் அடி உயரத்தில், கன்னியாஸ்திரீகள் போய்த் தங்கித் தியானம் செய்ய ஒரு இல்லம்; ஆறு அறை, ஒரு சின்ன ஜெபக்கூடம். மடத்துத் தலைவி மதர் ரோசரி ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். குளிர்காய விறகு எரிக்கக் கூடாது. இல்லத்துக்குப் பின்னால் சோலைக்காடு; கீழே இரண்டு ஊர் குடிப்பது அந்தச் சோலையின் ஊற்றுத் தண்ணீரைத்தான். "ஒரு கிளையை வெட்டினாலும் நான் அங்கே வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

பிளான் போட்டவள் டோரதி. மேலப்புதூர்ப் பெண், இருபத்தெட்டு வயது இன்ஜினியர். கட்டடக் கம்பெனியில் அதுவரை மற்றவர்கள் போட்ட பிளானைப் பார்த்து வரைவதுதான் அவளுக்குக் கொடுத்த வேலை.

"இது சரியா வந்தா எனக்குத் தனி டேபிள், மேஸ்திரி. இல்லேன்னா ஆயுசுக்கும் காப்பி எடுக்க வேண்டியதுதான்" என்று சிரித்தாள். சிரிப்பில் பயம் இருந்தது.

அவள் பிளானைப் பார்த்து எனக்குத் தலை சுற்றியது. நாம் வெயிலுக்கு முதுகு காட்டிக் கட்டுவோம். அவள் ஜன்னல் எல்லாவற்றையும் வெயிலைப் பார்த்துத் தெற்கே வைத்திருந்தாள். பின்சுவர் பாதி மலைச்சரிவுக்குள். தோண்டிய மண்ணே சாந்து, உடைத்த பாறையே சுவர், இரண்டடி கனம். தரையில் கறுப்புக் கல். கூரை தாழ்வு. பகலெல்லாம் கல் வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு, பொழுது சாய்ந்தபின் கொஞ்சம் கொஞ்சமாக விடுமாம். மாலை நாலு மணிக்கு ஜன்னல்களின் பலகைக் கதவுகளை அடைத்துவிட்டால் போதுமாம்.

சுவர் ஜன்னல் மட்டம் தாண்டியபோது ஐப்பசி மழையில் மலைப்பாதை சரிந்தது. பாதை சீராக ஒரு மாதத்துக்கு மேல் ஆனது; கட்டி முடிக்கும்வரை டோரதியால் மேலே வர முடியவில்லை. பிளானை விரித்துத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். வெண்டிலேட்டரைக் காணோம். ஐயோ பாவம், சின்னப் பெண், மறந்துவிட்டாள். சாமியார் பார்த்தால் மானம் போய்விடுமே என்று உருகிப்போனேன். அறைக்கு இரண்டாகப் பன்னிரண்டு துவாரம் விட்டு, அழகாகத் துளை போட்ட சிமெண்ட் ஜாலியும் பதித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. உதவி செய்துவிட்டு விளம்பரம் செய்வது எனக்குப் பிடிக்காது.

டிசம்பரில் கன்னியாஸ்திரீகள் போய்த் தங்கினார்கள். மூன்றே நாளில் கடிதம் வந்தது. இரண்டு கம்பளி போர்த்தியும் பல் கிட்டிப்போகிறதாம். சாமியார் கொதித்துவிட்டார். அறைக்கு ஒரு கணப்படுப்பு கட்டுவது, சோலையில் மரம் வெட்ட ஆள் பேசுவது, இந்தப் பெண்ணிடம் இனி பிளான் கொடுக்காதீர்கள் என்று கம்பெனிக்கு எழுதுவது, மூன்றையும் முடிவு செய்துகொண்டு டோரதியையும் என்னையும் ஜீப்பில் ஏற்றினார். வழி நெடுக டோரதி பிளானையே விரித்துப் பார்த்துக்கொண்டு வந்தாள். பிளான் தப்பு, பிள்ளை என்ன செய்யும் என்று நானும் பரிதாபப்பட்டுக்கொண்டே போனேன்.

முதல் அறைக்குள் நுழைந்தவள் அண்ணாந்து பார்த்தாள். பிறகு ஜெபக்கூடத்திலிருந்து ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்தி எடுத்து வந்து, ஸ்டூல் மேல் ஏறி ஜாலிக்கு அருகே பிடித்தாள். சுடர் படுத்துக்கொண்டு ஜாலி வழியாக வெளியே இழுபட்டது.

"சூடு எங்க போகுதுன்னு பாருங்க, மேஸ்திரி" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். திருச்சியில் எதை வெளியே விரட்ட வேண்டுமோ, அதையேதான் இங்கே விரட்டியிருக்கிறேன்.

சாமியார் உள்ளே வந்தார். "என்னம்மா, தப்பு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது சாமி. வெண்டிலேட்டர் வேண்டாம்னு நான் பிளான்ல எழுதியிருக்கணும். எழுதாம விட்டது என் தப்புதான்."

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். உண்மையைக் கொட்டிவிட்டேன்.

"சாமி, அவங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க. பிளான்ல இல்லாததை நானா போட்டேன். சொல்லாமக் கொள்ளாம போட்டேன். கம்பெனிக்கு எழுதணும்னா என் பேரை எழுதுங்க. ஒரு வாரம் டயம் குடுங்க. அடைச்சுக் காட்டுறேன். அதுக்கப்புறமும் குளிர்ந்தா, இனிமே கொத்துக் கரண்டியைத் தொடமாட்டேன்."

சாமியார் துவாரங்களை அண்ணாந்து பார்த்தார். பின்னாலேயே வந்து நின்ற மதர் ரோசரிதான், "குடுங்க சாமி, ஒரு வாரம்தானே" என்றார்.

என் கையாலேயே ஜாலியைப் பெயர்த்தேன். நான் பதித்ததை நானே உடைத்தது அதுதான் முதல் தடவை. பன்னிரண்டையும் கல்லும் மண்சாந்தும் வைத்து இறுக அடைத்தேன். நாலு நாள் வெயிலைத் தரை குடிக்கட்டும் என்று டோரதி சொன்னாள். காத்திருந்தோம்.

ஐந்தாம் நாள் காலை புல்லெல்லாம் உறைபனி. சாமியார் தெர்மாமீட்டரோடு வந்தார். வெளியே மூன்று டிகிரி. உள்ளே பதினேழு. நம்பாமல் உதறிவிட்டு மறுபடி பார்த்தார், பதினேழுதான். மதர் கம்பளி இல்லாமல் வெறும் அங்கியோடு அறையிலிருந்து வந்து, "ராத்திரி போர்வையைக் காலால தள்ளிட்டேன்" என்றார். சோலையில் ஒரு சுள்ளி குறையவில்லை. சாமியார் எல்லார் முன்னாலும் டோரதியைப் பார்த்துக் கைகூப்பினார். நான் பெற்ற பிள்ளைகூட இல்லை. ஆனாலும் எனக்கு அப்படி ஒரு பெருமை.

திருச்சிக்குத் திரும்பியதும் அவளுக்குத் தனி மேசை கிடைத்தது. கட்டி முடித்ததைக் கட்டியபடியே வரைந்து மடத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று என்னை வரச்சொன்னாள். தாளின் ஓரத்தில் 'வடிவமைத்தவர்' என்று அவள் பெயர். அதற்குக் கீழே 'கட்டியவர்' என்று எழுதி, என் பெயரையும் எழுதியிருந்தாள். முப்பது வருஷத்தில் எந்தத் தாளிலும் என் பெயர் ஏறியதில்லை.

"அடைச்ச துவாரத்தைக் காட்ட வேண்டாம், மேஸ்திரி. வெறும் சுவராவே வரைஞ்சுடறேன்."

"இல்லம்மா, பன்னிரண்டையும் போடுங்க. மேஸ்திரி போட்டது, மேஸ்திரியே அடைச்சதுன்னு எழுதுங்க. அப்புறம் கையெழுத்துப் போடுறேன்."

எழுதினாள். போட்டேன்.