முதல் லோடு

“குறுக்க வைக்காதீங்கப்பா. நெடுக்க வைங்க. தலை என் பக்கம் இருக்கட்டும்.”

மோட்டாருக்கு அருகே நின்றபடி சுருளி கையைக் காட்டினான். முழங்கால் தண்ணீரில் இறங்கியிருந்தவர்கள் தவசியைப் பலகையோடு தூக்கிப் படகுக்குள் நீட்டினார்கள். தவசி அவனுடைய மாமனார். ஏலத்தோட்டத்தில் மருந்தடிக்கும் பம்புகளுக்கு வைத்தியர். விடிந்ததும் ஷெட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தவர், தம்ளரைப் பத்திரமாகக் கீழே வைத்துவிட்டு அப்படியே சாய்ந்துவிட்டார்.

உடலைப் போடிமெட்டு வழியாகச் சொந்த ஊரான சிலமலைக்குக் கொண்டுபோக வேண்டும். ஆனால் தோட்டத்து ஜீப் பாதை, இரவு மழையில் மண் சரிந்து கிடந்தது. மிச்சமிருந்தது அணைத் தண்ணீர் ஒன்றுதான். அக்கரையில் வண்டி தயார்.

பலகையைக் கயிற்றால் கட்டி முடித்தார்கள். அடுத்து ஏற வேண்டியவள் தேவி. தவசியின் ஒரே மகள், சுருளியின் மனைவி. அவள் கரையிலேயே நின்றாள்.

“அப்பா செஞ்சத விரிங்க.”

“என்னத்த?”

“டிரம்ம.”

சுருளி படகின் பக்கவாட்டைப் பார்த்தான்.

இரண்டு பக்கமும் இரும்புக் குழாயில் செய்த கைகள் மடங்கிக் கிடந்தன. ஒவ்வொரு கையின் நுனியிலும் மூடி இறுக்கிய ஒரு நீல மருந்து டிரம். கையை வெளியே விரித்து, கீல் இருக்கும் இடத்தில் ஆணியைச் செருகினால் அசையாமல் நிற்கும். படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அந்தப் பக்கத்து டிரம் தண்ணீரில் அமுங்கி, படகை நிமிர்த்தித் தள்ளும். அதுதான் கணக்கு. போன மழைக்காலத்தில், கரையில் யானை நிற்கிறது என்று எல்லோரும் ஒரே பக்கமாக எழுந்து, படகு கவிழப் பார்த்தது. மறுநாளே தவசி இந்தச் சோலியில் இறங்கினார்.

சுருளி அதை ஒரு நாளும் விரித்ததில்லை. விரித்தால் வேகம் குறையும், பெட்ரோல் கூடும். மாமனார் மனம் நோகக்கூடாதென்று கழற்றவும் இல்லை. பம்பு ஷெட்டில் அவரோடு வேலை பார்த்த சோணை வேறு, “படகுக்குக் காதுல தண்டட்டி மாட்டி விட்டுருக்காருப்பா ஒன் மாமனாரு. சீக்கிரம் மாப்பிள்ளை பாக்கணும்” என்று ஊரையே சிரிக்க வைத்திருந்தான்.

தவசியும் கூடச் சிரிப்பார். பிறகு, “ஒரு நா லோடு ஏத்திப் பாரு மாப்ளே. சரியில்லேன்னா கழட்டி எறிஞ்சிரு” என்பார்.

“வானம் இருட்டிக்கிட்டு வருது தேவி. வெரசா போகணும்.”

“அக்கரையில ஆயம்மா அத்தை நிக்கிது. தம்பியப் பாத்துட்டு அது சும்மா நிக்குமா? இவளுக சும்மா ஒக்காந்திருப்பாளுகளா?” முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு நின்ற தோட்டத்துப் பெண்களைக் காட்டினாள். “விரிங்க. அப்பத்தான் ஏறுவேன்.”

இடது கை விரிந்து, ஆணியும் இறங்கியது. வலது கையில் துளை மட்டும் இருந்தது.

“அந்த ஆணி கொஞ்சம் முட்டுதுன்னு நேத்து ஷெட்டுக்குக் கொண்டுபோனாரு” என்றான் சோணை. “அரத்துல ராவிக் கொண்டாறேன்னாரு.”

ஷெட்டு மலைமேல் இருந்தது. முதல் தூறல் விழுந்தது. சுருளி இடுப்பிலிருந்த ஸ்பேனரை உருவி, துளைக்குள் அடித்து இறக்கினான்.

“தாங்குமா?”

“தாங்கணும்.”

படகு கிளம்பியது. தவசியின் தலைமாட்டில் சுருளி, கால்மாட்டில் தேவி, இரு ஓரமும் பெண்கள், முன்முனையில் சோணை. டிரம்கள் தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் கூடவே வந்தன.

கரை நெருங்கியது. இன்னும் ஆள் ஆழம்.

“யய்யா தவசீ… என்னையப் பாக்க இப்படியா வர்றே…”

ஆயம்மாள் தலைவிரி கோலமாகத் தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள். அவ்வளவுதான். படகிலிருந்த பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு எழுந்தார்கள். அத்தனை பேரும் வலப்பக்கம் சாய்ந்து, அவளை நோக்கிக் கைகளை நீட்டினார்கள்.

“ஒக்காருங்க! ஆத்தா, ஒக்காருங்க!”

அழுகையில் அது யார் காதிலும் விழவில்லை. படகு சாய்ந்தது. விளிம்பைத் தொட்டுத் தண்ணீர் உள்ளே எட்டிப் பார்த்தது. வலது டிரம் முழுசாய் மூழ்கியது. இரும்புக் குழாய் முனகியது. ஸ்பேனர் துளைக்குள் நறுக்கென்று திரும்பி, முட்டி நின்றது.

படகும் அப்படியே நின்றது.

ஒரு மூச்சு. பிறகு டிரம் தண்ணீரைப் பிளந்து மெல்ல மேலே வந்தது. படகு நிமிர்ந்தது.

யாரும் கவனிக்கவில்லை. அழுதுகொண்டிருந்தார்கள். சோணை மட்டும் டிரம்மைப் பார்த்துவிட்டுச் சுருளியைப் பார்த்தான். தவசியின் தலை வலப்பக்கமாகத் திரும்பியிருந்தது. தேவி நகர்ந்து வந்து, இரண்டு கைகளாலும் பிடித்து அதை நேராக வைத்தாள்.

சிலமலையில் பால் தெளித்துக் காடாத்து முடிந்து சுருளி மலையேறியபோது துறையில் ஆட்கள் காத்திருந்தார்கள். தோட்டத்துக்குப் புதிதாக வந்த ஒருத்தி விரிந்திருந்த கைகளைப் பார்த்துவிட்டு, “என்னண்ணே இது, படகு றெக்க மொளச்சு நிக்கிது?” என்று சிரித்தாள்.

சோணை சிரிக்கவில்லை. மடியிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்து நீட்டினான்.

“பாதையச் சரி பண்ணதும் ஷெட்டுக்குப் போனேன். அங்கதான் இருந்துச்சு. டீத் தம்ளருக்குப் பக்கத்துல.”

எண்ணெய் தடவிய ஆணி. ஒரு பக்கம் புதிதாக ராவிப் பளபளத்தது. வளைந்துபோயிருந்த ஸ்பேனரைத் தட்டி எடுத்துவிட்டுச் சுருளி ஆணியைத் துளையில் வைத்தான். அடிக்க வேண்டியிருக்கவில்லை. விரலை எடுத்ததும் தானாகவே இறங்கி உட்கார்ந்தது.

“ஏறுங்க” என்றான்.

படகு மெதுவாகத்தான் போனது. அக்கரை வரைக்கும் அவன் வேகத்தைக் கூட்டவில்லை.