பின் இருக்கையில் எண்பத்தைந்து கிலோ

பதின்மூன்று வயதின் கடைசி நாளுக்கும் மறுநாளுக்கும் நடுவில் ஒரு பெண்ணுக்குள் அப்படி என்னதான் முளைத்துவிடும்? அந்தக் கோடை முழுக்க இந்தக் கேள்வியைக் கேட்டே எல்லோர் உயிரையும் வாங்கினேன்.

பெண் என் அண்ணன் மகள் யாக்னா. பெஸ்கிட் மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் கிளைடர் மைதானத்தில் ஏப்ரலிலிருந்து எழுபது முறைக்கு மேல் பறந்துவிட்டாள். என்ஜின் இல்லாத அந்த விமானத்தை ஒரு கிலோமீட்டர் நீளக் கம்பியால் இழுத்து மேலே ஏற்றும் விஞ்ச் இயந்திரத்தை ஓட்டுவது நான். அவள் ஏறும் அழகு எனக்குத் தெரியும். ஆனால் தனியாகப் பறக்கப் பதினான்கு நிறைந்திருக்க வேண்டுமாம், சட்டம். அதுவரை பயிற்சியாளர் செனோன் பின் இருக்கையில் இருந்தே தீர வேண்டும்.

ஆகஸ்டில் ஒரு நாள், பக்கக் காற்று தள்ளத் தள்ள, அலுங்காமல் கொண்டுவந்து இறக்கினாள். செனோன் இறங்கியதும் பிடித்துக்கொண்டேன்.

"கைய எங்க வச்சிருந்தீங்க?"

"கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"வாயத் தொறந்தீங்களா?"

"கொட்டாவி விட்டேன்."

"அப்புறம் பின்னாடி உங்களுக்கு என்ன வேலை?"

"எண்பத்தஞ்சு கிலோ பாரம்," என்றார். "ஹலினா, அவளால முடியும்னு எனக்கும் தெரியும். பதினேழுலயும் முடியாத பசங்களப் பாத்திருக்கேன். எங்கயாவது ஒரு கோடு போட்டுத்தானே ஆகணும்?"

"கோடு போட்டவன் யாக்னாவப் பாத்தானா?"

"பாக்கல. உன்னையும் பாக்கல, தப்பிச்சான்."

சிரிப்பு வந்தது. கோபம் போகவில்லை.

செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை பதினான்கு நிறைந்தது. பள்ளி விட்டதும் ஓடி வந்தாள். செனோன் அவளை எடை பார்த்தார். நாற்பத்தாறு கிலோ. தனியாக ஏற்ற அது போதாது என்று இருக்கைக்கு அடியில் ஈயத் தகடுகளைத் திருகி வைத்தார். இது நியாயமான விதி என்று எனக்குப் பட்டது. காற்றுக்குப் பிறந்த தேதி எதற்கு, எடைதானே வேண்டும்? குதூகலமாக ஜீப்பில் ஏறி, மைதானத்தின் மறுகோடிக்குப் போய் விஞ்சில் உட்கார்ந்தேன்.

அங்கிருந்து பறப்பவரின் முகம் தெரியாது. வாக்கி-டாக்கியில் குரல் மட்டும் வரும்.

"அத்தை, நான் ரெடி. இழு."

தூரத்தில் வெள்ளையாகச் சின்னதாக நின்றது கிளைடர். பின் இருக்கை காலி. நெம்புகோலைப் பிடித்திருந்த என் கை நகரவே இல்லை. பாதி உயரத்தில் கம்பி அறுந்தால்? அறுந்தால் என்ன செய்வதென்று அவள் பத்துத் தடவை செய்து காட்டியிருக்கிறாள். இருந்தும் வாக்கி-டாக்கியை எடுத்தேன். விஞ்ச் ஓட்டுபவர் வேண்டாம் என்றால் எங்கள் மைதானத்தில் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை, செனோன்கூட.

"விஞ்ச் என்ஜின்ல ஏதோ சத்தம் கேக்குது யாக்னா. இன்னிக்கு வேணாம்," என்றேன். சொல்லும்போதே வெட்கம் பிடுங்கித் தின்றது.



"எனக்கும் வாக்கி-டாக்கில கேக்குது அத்தை. தினமும் கேக்குற அதே சத்தம்தான்." குரலில் கோபம் இல்லை. "எனக்குப் பதினாலு ஆயிடுச்சு. உனக்குத்தான் இன்னும் ஆகல போல. இழு."

இழுத்தேன்.