முன்கூட்டியே அச்சான பாரிஸ்

சிவகாசியில் ஆடிப் பதினெட்டு அன்று அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பம் வெளிவந்தாக வேண்டும். அதனால் ஆனி பாதி தாண்டினால் எந்த அச்சகத்திலும் ஒரு காதுகுத்துப் பத்திரிகை அடிக்கக்கூட மிஷின் கிடைக்காது. பட்டாசு முதலாளி காசிராஜன் தம்முடைய பாரிஸ் பயண அனுபவங்களை, பயணம் கிளம்புவதற்கு ஒன்பது நாள் முன்னாலேயே அச்சடித்து முடித்ததற்கு இதுதான் காரணம். வேறு உள்நோக்கம் எதுவும் கிடையாது.

சும்மா சொல்லக் கூடாது, புத்தகம் லட்சணமாகத்தான் வந்திருந்தது. 'ஒளி நகரில் ஐந்து நாட்கள்' என்று தலைப்பு. நாற்பது பக்கம், வழவழ தாள். எழுதியவர் கவிஞர் வேலுச்சாமி. மேற்கே செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் அவர் போனதில்லை என்றாலும், பாரிஸின் இளந்தென்றல் முதலாளியின் நெற்றி முடியைக் கோதியதை நேரில் பார்த்தவர் மாதிரி எழுதியிருந்தார். முதலாளிக்கு நெற்றியில் முடி கிடையாது. அதனால் என்ன, தென்றலும் அப்போது அடித்திருக்கவில்லை. அட்டைப் படத்துக்கு ஒரு பழைய காலண்டரின் ஈபிள் கோபுரத்தை எடுத்து, மகள் கல்யாண ஆல்பத்தில் மாலையோடு நின்ற முதலாளியை வெட்டி முன்னால் ஒட்டினார்கள். மாலையை மட்டும் எடுக்க முடியவில்லை. பாரிஸ்காரர்கள் போட்டதாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

பயணத்துக்குக் காரணம் ஒரு விருது. ஊரிலுள்ள பெரிய மனிதர்கள் சேர்ந்து நடத்தும் சங்கம் ஒன்று, வருஷா வருஷம் ஒருவருக்குத் 'தொழிலாளர் தோழர்' என்று பட்டம் கொடுக்கும். எந்த முதலாளியும் செய்யாத ஒன்றைத் தொழிலாளிக்குச் செய்திருக்க வேண்டும் என்பது விதி. சம்பளத்தைக் கூட்டலாமா என்று மேனேஜர் காளீஸ்வரன் கேட்டுப் பார்த்தார். அது தப்பான முன்னுதாரணம் ஆகிவிடும் என்று முதலாளி மறுத்துவிட்டார். எப்படியும் மனைவியோடு பாரிஸ் போவதாக இருந்தது, ஜூலை பதினான்காம் தேதி அங்கே பெரிய வாணவேடிக்கை நடக்குமாம். கூட ஒரு தொழிலாளியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டால் விஷயம் முடிந்தது.

எம். புதுப்பட்டி ஆலையில் முந்நூறு பேர் வேலை செய்தார்கள். அதில் பாஸ்போர்ட் இருந்தது முத்துப்பேச்சிக்கு மட்டும்தான். மலேசியாவுக்கு வீட்டு வேலைக்கு அனுப்புவதாகச் சொன்ன ஏஜென்ட் ஒருவன் எடுத்துக் கொடுத்துவிட்டு ஆளே காணாமல் போயிருந்தான். அவள் பதினேழாம் நம்பர் ரூமில் புஸ்வாணக் கூட்டுக்குள் மருந்தை இடித்து இறுக்கிக் கிட்டிக்கிறவள். இருபத்தோரு வருஷ வேலை. இரண்டு உள்ளங்கையிலும் அலுமினியப் பொடி ஏறி, சோறு பிசைந்தாலும் போகாத வெள்ளி நிறம்.

கிளம்புவதற்கு முன் காளீஸ்வரன் கூப்பிட்டுச் சொன்னார்: "வந்து மேடையில நாலு வார்த்த நல்லதாப் பேசுத்தா. பேசிட்டேன்னு வையி, அங்கனயே ஒன்னையக் கண்காணியாப் போட்டதா மொதலாளி அறிவிப்பாக."

கண்காணி என்றால் மருந்தைத் தொட வேண்டாம். நோட்டும் பென்சிலும் பிடித்துக்கொண்டு ரூம் ரூமாக நடந்தால் போதும். முத்துப்பேச்சி அன்று ராத்திரி சாப்பிடும்போது தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாரிஸ் போனார்கள். முதலாளி, முதலாளியம்மா பொன்னுத்தங்கம், காளீஸ்வரன், முத்துப்பேச்சி என்று நான்கு பேர்.

முதல் பிரச்சினை சூரியன். மணி ஒன்பதாகியும் விழவில்லை. அன்று செவ்வாய்க்கிழமை. பொழுதடைந்ததும் விளக்கேற்றிச் சாம்பிராணி போடாமல் முதலாளியம்மா பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டாள். ஜன்னல் பக்கம் காமாட்சி விளக்கை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பத்து மணிக்கு ஒரு வழியாக இருட்டியது. விளக்கை ஏற்றி, ஒரு சிட்டிகை சாம்பிராணி போட்டாள். அடுத்த நிமிஷம் ஓட்டல் முழுக்க மணி அலறியது. ஆறு மாடியிலிருந்தவர்களும் தெருவுக்கு ஓடி வந்தார்கள். தீயணைப்பு வண்டி வந்தது. வருஷத்துக்கு நூற்றைம்பது லோடு புகையை இந்தியா முழுவதும் அனுப்பிவைக்கிற காசிராஜன், ஒரு சிட்டிகைப் புகைக்காகப் பட்டைபோட்ட லுங்கியோடு பாரிஸ் நடைபாதையில் நின்றார். கவிஞர் வேலுச்சாமியின் ஒன்பதாம் பக்கத்தில் அதே இரவு, 'பாரிஸ் மாநகரம் திரண்டு வந்து வரவேற்றது' என்று இருந்தது. அந்த ஒரு வரி மட்டும் ஏறக்குறைய பலித்துவிட்டது.

மறுநாளிலிருந்து கோட்டும் புது ஷூவும். ஷூ கடித்தது. லுங்கிக்குத் திரும்புவது கௌரவக் குறைச்சல் என்பதால் முதலாளி இரண்டு நாள் ஷூவிலேயே பாரிஸைச் சுற்றினார். உலகத்திலேயே பேர்போன படம் என்று ஒரு பெண்ணின் படத்தைப் பார்க்க மூன்று மணி நேரம் வரிசையில் நின்றார்கள். முத்துப்பேச்சிக்குத் தெரிந்தது நாற்பது பின்மண்டைகளும், அவற்றுக்கு மேலே தூக்கிய கேமராக்களும். பதினான்காம் தேதி காலையில் முதலாளிக்கு இரண்டு குதிகாலிலும் எலுமிச்சம்பழ அளவுக்குக் கொப்புளம். ஓட்டல் அறையில் வாளி வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எந்த வாணவேடிக்கைக்காகக் கடல் கடந்து வந்தாரோ, அதை டி.வி.யில் பார்த்தார்.

மற்ற மூவரும் போனார்கள். இடம் பிடிக்க வேண்டும் என்று மத்தியானமே போய்விட்டார்கள். கோபுரத்துக்கு எதிரே கம்பித் தடுப்பு போட்டிருந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் வெகு தூரத்தில் ஆட்கள் வாணம் ஏற்றும் குழாய்களை நட்டுக்கொண்டிருந்தார்கள். முதலாளியம்மா புல்லில் படுத்துக் குறட்டை விட, முத்துப்பேச்சி மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குழாய் நடுகிறவர்களுக்குத் தலையில் தொப்பி, கையில் உறை. ஓர் இடத்தில் நான்கு பேர். ஐந்தாவதாக ஒருத்தன் எதையோ எடுத்துக்கொண்டு வந்தான். நால்வரில் ஒருத்தன் வெளியே போன பிறகுதான் இவன் உள்ளே போனான்.

"காளீஸ்வரண்ணே, பாத்தீகளா?"

"என்னத்த?"

"அஞ்சாவது ஆளு வெளிய நிக்கான்."

காளீஸ்வரன் பார்த்தார். பார்த்துவிட்டு, பசிக்கிறதா என்று கேட்டார்.

பதினேழாம் நம்பர் ரூம் கதவுக்கு மேலேயும் 'ஆட்கள் 4' என்று சட்டம் வைத்த உச்ச அளவைச் சிவப்புப் பெயின்ட்டில் எழுதியிருக்கும். சீசனில் உள்ளே எட்டுப் பேர். அதிகாரி வருகிறார் என்றால் நான்கு பேர் பின்பக்கமாக ஓடி வேலிக்கருவை மறைவில் உட்கார வேண்டும். இருபத்தோரு வருஷத்தில் முத்துப்பேச்சி அந்த முள்ளில் பல சேலைகளைக் கிழித்திருக்கிறாள். நான்கு என்பது அதிகாரிக்காக எழுதிவைத்த எண் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அதை ஒருத்தன் நிஜமாகவே எண்ணுவான் என்று அன்றைக்குத்தான் கண்டாள்.

ஊர் திரும்பியதும் புத்தகம் கைக்கு வந்தது. இருபத்தேழாம் பக்கத்தில் அவள் படம். கீழே அவள் சொன்னது:

'பாரிஸ் மண்ணில் பாதம் பதித்த கணத்தில் என் விழிகள் பனித்தன. ஈபிள் கோபுரத்தை அண்ணாந்து நோக்கினேன். அதனினும் உயரமாக எங்கள் முதலாளியின் உள்ளம் தெரிந்தது. அங்கே கண்ட பாதுகாப்பு வசதிகள் யாவும் எங்கள் ஆலையில் ஏற்கெனவே இருப்பதை எண்ணிப் பெருமிதம் கொண்டேன்.'

புத்தகத்தோடு நேரே ஆபீஸுக்குப் போனாள்.

"அண்ணே, இத நான் எப்பச் சொன்னேன்?"

"இன்னும் சொல்லல. நாளைக்கு மேடையில சொல்லுவ" என்றார் காளீஸ்வரன்.

"பிளேனு ஏறுறதுக்கு முன்னாடியே எனக்குக் கண்ணு பனிச்சிருச்சாக்கும்."

"ஏத்தா, கண்ணு பனிச்சா என்ன கொறஞ்சு போச்சு? ஒனக்கு நோட்டும் பென்சிலும் வாங்கி வச்சாச்சு."

"கண்ணு பனிச்சதாவே இருக்கட்டும். உள்ளி உரிச்சாலும் பனிக்கத்தான் செய்யும். மொதலாளி உள்ளமும் ஒசரமாவே இருக்கட்டும், நானா அளந்து பாக்கப் போறேன்? இந்தக் கடேசி வரிய மட்டும் எடுத்துருங்க."

"ரெண்டாயிரம் புஸ்தகம் அடிச்சாச்சு. மிஷின்ல காலண்டர் ஓடிக்கிட்டிருக்கு. ஒன் ஒத்த வரிக்கு எவன் மிஷின நிப்பாட்டுவான்?"

"அப்ப நானும் என் வாய நிப்பாட்ட மாட்டேன்."

"கண்காணி வேணுமா வேணாமா? அத மட்டும் சொல்லு."

முத்துப்பேச்சி புத்தகத்தை மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டாள். வேண்டும் என்பதுதான் உண்மையான பதில்.

ஆடிப் பதினெட்டு அன்று கல்யாண மண்டபத்தில் விழா. ஆலைக்கு லீவு விட்டு லாரியில் எல்லாரையும் ஏற்றி வந்திருந்தார்கள். மேடையில் தெர்மாகோலில் செய்த ஈபிள் கோபுரம், ஃபேன் காற்றுக்கு ஆடிக்கொண்டே இருந்தது. கவிஞர் வேலுச்சாமி முக்கால் மணி நேரம் பேசினார். வாணவேடிக்கை முடிந்ததும் கோபுரத்தின் அடியில் நின்று முதலாளி கண்ணீர் மல்க, 'இந்த வானத்தை எம் மக்களுக்குக் கொண்டு செல்வேன்' என்று சபதம் செய்ததை அவர் வர்ணித்தபோது, கேட்டுக்கொண்டிருந்த முதலாளிக்கே கண் கலங்கியது. பிறகு முத்துப்பேச்சியைக் கூப்பிட்டார்கள். இருபத்தேழாம் பக்கத்தைப் பெரிய எழுத்தில் எழுதி மைக் பக்கத்தில் ஒட்டியிருந்தார் காளீஸ்வரன்.

அவள் அதை வாசித்தாள், மனதுக்குள்ளேயே. பிறகு நிமிர்ந்தாள்.

"மொதலாளி என்னையக் கூட்டிட்டுப் போனாக. அதுக்குக் கும்புடுதேன். அது நெசம்" என்று ஆரம்பித்தாள். "ஊரு நல்லாத்தான் இருக்கு. ஆத்தங்கரையில நாற்காலி போட்டுருக்காக, யாரும் போய் உக்காரலாம், ஏந்திரின்னு வெரட்ட ஆளில்ல. ஆனா ஒண்ணுக்குப் போகக் காசு குடுக்கணும். ரொட்டி வெறகுக்கட்ட மாதிரி இருக்கு, மென்னு மென்னு எனக்குக் கடவாப்பல்லு ஆடிப்போச்சு."

கீழே சிரிப்பு கிளம்பியது. முன் வரிசையில் உட்கார்ந்திருந்த குருவம்மாள், பதினேழாம் நம்பர் ரூமில் முத்துப்பேச்சிக்குப் பக்கத்தில் உட்கார்கிறவள், உரக்கக் கேட்டாள்: "ஏ மதினி, அங்கன ஏழைபாழைக உண்டுமா?"

"ஏன் இல்லாம? ரோட்டோரம் ஒருத்தன் நாயக் கட்டிப் புடிச்சுப் படுத்துக் கெடந்தான். நாயிக்குப் போர்வ போத்தியிருந்தான், அவனுக்கு இல்ல."

"வாணவேடிக்க எப்பிடி?"

"செவப்பும் பச்சையும் சொல்லப்படாது, அம்புட்டு அருமை. நீலம் வெளுத்துப்போச்சு. நீலம் நமக்கும் வராதுல்ல, அவுகளுக்கும் வரல. மொதலாளியக் கேளுங்க... இல்ல, அவுகளைக் கேக்காதீக, பாவம் அவுக பாக்கல. செருப்புக் கடிச்சு வாளித் தண்ணிக்குள்ள கால வச்சுட்டு ரூம்புலயே இருந்துட்டாக."

மண்டபம் குலுங்கியது. முதலாளியம்மா பொன்னுத்தங்கம்தான் முதலில் சிரித்தாள் என்று பின்னால் சொன்னார்கள். கவிஞர் வேலுச்சாமி தெர்மாகோல் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார், அது விழாமலிருக்கவா தாம் விழாமலிருக்கவா என்று தெரியவில்லை.

காளீஸ்வரன் ஓடி வந்து ஒட்டியிருந்த காகிதத்தின் கடைசி வரியை விரலால் தட்டிக் காட்டினார்.

"வாரேன் அண்ணே, அதுக்குத்தான் வாரேன்" என்றாள் முத்துப்பேச்சி. "அங்கன இருக்குறதெல்லாம் நம்ம கம்பெனியில ஏற்கெனவே இருக்குன்னு எழுதியிருக்கு. நான் பாத்தத சொல்லுதேன். வெடி நடுற எடத்துல நாலு பேரு. அஞ்சாமத்தவன் வெளிய நிக்கான். அதிகாரிக்குப் பயந்து இல்ல, அங்கன அப்ப ஒரு அதிகாரியும் இல்ல. அவனாவே நிக்கான். நம்ம ரூமுல எட்டுப் பேரு இருக்கோம். நாலுன்னு எழுதியிருக்கு, எட்டுப் பேரு இருக்கோம். அதனால இந்த வரிய நான் வாசிக்க மாட்டேன்."

மைக்கை நிறுத்தினார்கள். எட்டுப் பேர் ரூமில் கிட்டிக்கிற சத்தத்துக்கு மேலே இருபத்தோரு வருஷம் பேசிப் பழகியவளுக்கு மைக் எதற்கு?

"வாசிக்க மாட்டேன்" என்று இன்னொரு தரம் சொன்னாள். கடைசி வரிசைக்கும் கேட்டது.

'தொழிலாளர் தோழர்' விருது அதன் பிறகும் வழங்கப்பட்டது. கேடயத்தில் பெயர் பொறித்தாகிவிட்டது, வேறு காசிராஜனுக்கு எங்கே போவது? கண்காணி அறிவிப்பு மட்டும் வரவில்லை. நிகழ்ச்சி நிரலில் அச்சாகாத ஒரே விஷயம் அதுதான் என்பதால், விட்டுப்போனதை யாரும் கவனிக்கவில்லை.

அவள் கவனித்தாள். பிரியாணியை அலுமினியக் கையாலேயே சாப்பிட்டுவிட்டு லாரியில் ஏறினாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலை ஏழு மணிக்குப் பதினேழாம் நம்பர் ரூமுக்குள் முத்துப்பேச்சி போனாள். பின்னாலேயே இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள், அடுத்து குருவம்மாள். ஐந்தாவதாக ராக்காயி வாசலில் கால் வைத்தாள்.

"நாலாச்சு. வெளிய நில்லு" என்றாள் முத்துப்பேச்சி.

ராக்காயி சிரித்தாள். அப்புறம் சிரிப்பதை நிறுத்திவிட்டுத் தூக்குவாளியோடு வெளியே வேப்பமர நிழலுக்குப் போனாள். ஆறாவதும் ஏழாவதும் எட்டாவதும் வந்து, விசாரித்து, அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள். பதினெட்டாம் நம்பர் ரூமிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் அங்கேயிருந்தும் நான்கு பேர் மரத்தடிக்கு வந்தார்கள்.

காளீஸ்வரன் வேகமாக வந்தார்.

"தீபாவளிச் சீசனு, லோடு நிக்குது. இங்கன என்ன நடக்குது? யாரு இவளுகள வெளிய ஒக்காரச் சொன்னது?"

"நான்தான் அண்ணே."

"நீ யாரு சொல்றதுக்கு? நீ என்ன கண்காணியா?"

"இல்ல" என்றாள் முத்துப்பேச்சி, கையிலிருந்த புஸ்வாணக் கூட்டைக் கீழே வைக்காமல். "கண்காணியா இருந்தா சொல்லியிருக்க மாட்டேன்."

காளீஸ்வரன் ரூமுக்குள் ஒரு காலை வைத்தார். உள்ளே நான்கு பெண்களும் வேலையை நிறுத்திவிட்டு அந்தக் காலைப் பார்த்தார்கள்.

"அஞ்சு" என்றாள் குருவம்மாள்.

அவர் காலை எடுத்துக்கொண்டார்.