ஆதியோன் எதையோ மெல்கிறார்

ஆதியோன் மென்றுகொண்டிருந்தார்.

இயக்குநர் படத்தை நிறுத்தினாள். பின்னோக்கி ஓட்டினாள். மறுபடி பார்த்தாள்.

விண்மீன்களுக்கெல்லாம் மூத்தவர். மலை உயரம். மார்பு வரை வெள்ளைத் தாடி. விண்கலத் தலைவியின் முன் நின்று, "எனக்கு முன் எதுவும் இல்லை" என்றார். பிறகு நீண்ட மௌனம். அந்த மௌனம் முழுக்க அவருடைய தாடை இடமும் வலமும் போய்வந்தது.

"அத்தான்!"

அக்காவின் கணவர் நாற்காலியோடு உருண்டு வந்தார். கார்ட்டூன் பாத்திரங்களின் வாயை அசைப்பது அவர் வேலை. அந்த ஸ்டுடியோவில் அவரைச் சேர்த்துவிட்டவள் இவள்தான்.

"என்ன, டைரக்டரம்மா?"

"இவர் என்ன பண்றார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"அசை போடறார்."

"அது தெரியுது. ஏன்?"

"தாடிக்குள்ள பொருந்துற வாய் நம்மகிட்ட ஒண்ணுதான் இருந்துச்சு. போன வருஷம் ஆட்டுக்குப் பண்ணது. வசனமெல்லாம் கச்சிதமா உட்கார்ந்துச்சு. ஆனா ஆடு பேசாதப்ப மெல்லும். அதை நிறுத்த மறந்துட்டேன்."

"பிரபஞ்சத்தைப் படைச்சவருக்கு ஆட்டு வாயை மாட்டியிருக்கீங்க."

"நீ ஏன் அவரை இவ்வளவு நேரம் சும்மா நிக்க வச்சே? பேச விட்டிருந்தா மென்னிருக்கவே மாட்டார்."

அதுவும் உண்மைதான். கம்பீரத்துக்காக மௌனங்களை எழுதியவள் அவள்.

அவள் இயக்கிய முதல் அத்தியாயம் இது. மாலையில் ஒளிபரப்பு. அதற்கு முன் சேனல் அதிகாரி பார்க்க வருவார். அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் பழைய அத்தியாயம் ஒன்றைப் போட்டு ஒப்பேற்றிவிடுவார்கள். அடுத்தது வேறு யார் கைக்காவது போகும். வாயை மாற்றலாம், ஆனால் படத்தை மறுபடி உருவாக்கக் கணினிகளுக்கு ஓர் இரவு வேண்டும்.

"மௌனத்தையெல்லாம் வெட்டிடு" என்றார் அத்தான்.

"வெட்டினா பாதி எபிசோடுதான் மிஞ்சும்."

"பேசறது அவ்வளவு கம்மியா?"

"அத்தான்."

"சரி, சரி. சேனல்ல என்ன வேணா சொல்லிக்கோ. உங்க அக்காகிட்ட மட்டும் மூச்சு விடாதே."

அவள் மௌனங்களில் இடிச் சத்தம் சேர்த்துப் பார்த்தாள். ஆதியோன் இடிக்கு நடுவே மென்றார்.

கதவைத் தள்ளிக்கொண்டு கிணறு வந்தார். அவர் குரல் அடியாழத்திலிருந்து வருவதால் எல்லோரும் வைத்த பெயர் அது. ஆதியோனுக்குக் குரல் கொடுத்தவர். முடிந்த படத்தில் தன்னைக் கேட்க ஆசை. திரையின் முன் நின்றார்.

"அருமையா இருக்கே! நான் என்ன சாப்பிடறேன்?"

"நீங்க ஒண்ணும் சாப்பிடல."

"வெறும் வாயையா மெல்றேன்? இவ்வளவு பெரிய ஆளு. சின்னதா ஒரு கிரகமாவது போட்டிருக்கலாமில்ல?"

இயக்குநர் திரையில் விண்கலத் தலைவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைவி ஹெல்மெட் போட்டிருந்தாள். முகத்தை மறைத்துக் கறுப்புக் கண்ணாடி. அவள் வாய் வெளியே தெரியாது. எப்போது வேண்டுமானாலும் பேசலாம்.

சிறிய ஸ்டுடியோ. தலைவிக்குக் குரல் கொடுப்பதும் இயக்குநர்தான். மைக்குக்கு முன் போய் நின்றாள்.

"அத்தான், ஃபிரிட்ஜில ஐஸ் கட்டி இருக்கு. எடுத்துட்டு வாங்க."

"எதுக்கு?"

"கடிக்கறதுக்கு."

அத்தான் கடித்தார். மைக் அருகே வாயை வைத்து, திரையில் தாடை போகும் பக்கமெல்லாம் கடித்தார். கண்ணில் நீர் முட்டியது.

"பல்லு கூசுதும்மா."

"இன்னும் ஒரு கிரகம்தான், அத்தான்."

"கொஞ்சம் பெரிசாவே கடிங்க. என் மானம் இருக்கு" என்றார் கிணறு.

அதிகாரி வந்தார். கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். விளக்கை அணைத்தார்கள்.

ஆதியோன் தோன்றினார். "எனக்கு முன் எதுவும் இல்லை."

நொறுக். நொறுக்.

"இருந்திருக்கும். நீங்க சாப்பிட்டிருப்பீங்க" என்றாள் தலைவி.

அதிகாரி அசையவில்லை. அத்தான் நகத்தைக் கடித்தார். அதற்கும் பல் கூசியது.

"நான் பசி அறியாதவன்" என்றார் ஆதியோன்.

நொறுக்.

"அப்ப வாயில என்ன? எங்க நிலாவைக் காலையிலேர்ந்து காணோம்."

நொறுக். நொறுக். நொறுக்.

"ஐயா, துப்புங்க."

கைப்பை அதிகாரியின் மடியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. இரண்டு கையும் வாய்க்குப் போயிருந்தன. தோள்கள் குலுங்கின.

கடைசிக் காட்சி. ஆதியோன் குனிந்து தலைவியை நெடுநேரம் பார்த்தார், மென்றார். "உங்களை மன்னித்தேன்" என்றார். திரும்பி இருளுக்குள் நடந்தார். தாடை அப்போதும் ஆடிக்கொண்டிருந்தது.

விளக்கு எரிந்தது. அதிகாரி கண்ணைத் துடைத்தார்.

"ஒரு சந்தேகம். கடைசி வரைக்கும் மென்னு முடிக்கவே இல்லையே?"

அத்தான் தரையைப் பார்த்தார்.

"அவருக்கு என்ன மேடம் அவசரம்?" என்றாள் இயக்குநர்.

அதிகாரி மறுபடி சிரித்தார். குனிந்து பையை எடுத்துக்கொண்டார்.

"சாயங்காலம் போட்டுடலாம். அடுத்ததையும் நீங்களே பண்ணுங்க. இவர் அதுலயும் வரணும். வாய் இதே மாதிரி அசையணும். கொஞ்சம்கூட மாறக் கூடாது. யார் பண்ணது?"

அத்தான் கையைப் பாதி தூக்கினார்.

"பிரமாதம். எத்தனை ஆராய்ச்சி பண்ணியிருப்பீங்க!"

"ஏதோ பண்ணோம், மேடம்" என்றார் அத்தான்.

அதிகாரியின் கார் தெருமுனையைத் தாண்டும் வரை மூவரும் சன்னலருகே நின்றார்கள். பிறகு அத்தான் கைபேசியை எடுத்தார்.

"யாருக்கு?"

"உங்க அக்காவுக்கு. நானே சொல்லிடறேன்."

"எதுலேர்ந்து சொல்லப் போறீங்க?"

"ஆராய்ச்சியிலேர்ந்து."